தைரொக்சின் குளிசை தொடங்கியபின் தலைமுடி கொட்டுகிறது: நிறுத்தலாமா?

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

வணக்கம். எனக்கு 34 வயது. உப்புவெளியில் வசித்து, திருகோணமலை நகரிலுள்ள ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். ஏறத்தாழ ஓராண்டாகவே உடற்சோர்வும் மலச்சிக்கலும் மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கும் இருந்தன. கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்திலும் வகுப்பறை மின்விசிறியின் கீழ் எனக்கு மட்டும் குளிர்ந்தது. இரத்தத்தைச் சோதித்ததில் ரி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்ட மூளையடியிலுள்ள கபச்சுரப்பி சுரக்கும் ஹோர்மோன்; தைரொயிட் குறைந்தால் இது கூடும்) 18 என்று வந்தது. தைரொயிட் சுரப்பி குறைவாக இயங்குகிறது என்று கூறி, நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் தைரொக்சின் குளிசையும், இரத்தசோகை இருப்பதால் இரும்புச்சத்துக் குளிசையும் தந்தார்கள். காலை 6.40 இற்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், இரண்டையும் பால் தேநீருடன் ஒரே மிடறில் விழுங்கிவிட்டு ஓடுவது என் வழக்கம்.

குளிசை தொடங்கிப் பத்து வாரங்களாகின்றன. ஆறாவது வாரத்திலிருந்து முடி கொட்டத் தொடங்கியது. சென்ற சனிக்கிழமை தலை முழுகியபின் குளியலறை நீர்த்துளையை அடைத்துக்கொண்டிருந்த முடியை எடுத்து, பழைய பத்திரிகைத் தாளில் பரப்பி எண்ணினேன். 160 வரை எண்ணியதும் கண்ணீர் வந்துவிட்டதால் மிகுதியை எண்ணவில்லை. "ஆங்கில மருந்து சூடு, அந்தச் சூட்டில்தான் முடி கழருது" என்பது மாமியின் முடிவு. குளிசைப் போத்தலுக்குள் இருந்த துண்டுப்பிரசுரத்திலும் முடி உதிரலாம் என்று ஒரு வரி இருந்ததால், ஐந்து நாட்களாகக் குளிசையை நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியது சரியா? கொட்டிய முடி திரும்ப வளருமா? அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன.

கிண்ணியா சகோதரி எழுதியது:

சகோதரி, நீங்கள் செய்த அதே பிழையை நானும் எட்டு வருடங்களுக்கு முன்னர் செய்தேன். மூன்று மாதங்கள் குளிசையை நிறுத்தியதில் முடி உதிர்வது நிற்கவில்லை. முகம் ஊதியது, குரல் கரகரத்தது, புருவத்தின் வெளிப்பக்க நுனிகளும் மெலிந்து போயின. பின்னர் பயத்தில் எதிர்ப்பக்கத்துக்கு ஓடி, "கூட எடுத்தால் கெதியாக முடி வளரும்" என்று நானாகவே 100 இலிருந்து 150 மைக்ரோகிராமுக்குக் கூட்டினேன். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இரவில் உறக்கம் வரவில்லை. சோதித்தபோது ரி.எஸ்.எச். 0.1 இற்கும் கீழே கிடந்தது. அப்பொழுதும் முடி கொட்டியது! ஹோர்மோன் குறைந்தாலும் கூடினாலும் முடி உதிரும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இன்னொரு விடயம். நோன்பு மாதத்தில் குளிசையை எப்படி எடுப்பது என்று கேட்டபோது, நோன்பு திறந்து உணவு உண்டு மூன்று மணித்தியாலங்கள் கழித்து, உறங்கப் போகும் நேரத்தில் எடுக்கலாம் என்று என்னுடைய டொக்டர் கூறினார். அது எனக்கு வசதியாக அமைந்துவிட்டதால் நோன்பு முடிந்த பின்னரும் அப்படியே தொடர்கிறேன். காலையில் பேருந்துக்கு ஓடுபவர்கள் இதைப் பற்றித் தங்கள் டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற மருந்தாளர், தம்பலகாமம் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி உங்கள் முதற் பந்தியிலேயே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் முடியின் கணக்கைப் பார்ப்போம்.

தலையிலுள்ள முடிகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரையானவை வளர்பருவத்தில் இருக்கும். ஒரு முடியின் வளர்பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை நீளும். அதன்பின் அது ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வெடுத்துவிட்டு உதிரும். எவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் விழுவது இயல்பே. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தலை முழுகுபவருக்கு அத்தனையும் சேர்ந்து அன்றைக்கு விழுவதால், 160 என்பது நீங்கள் நினைக்குமளவுக்குப் பயங்கரமான எண் அன்று. காய்ச்சல், மகப்பேறு, கடும் உணவுக்குறைபாடு, தைரொயிட் குறைபாடு போன்ற ஏதேனும் உடலை உலுக்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெருந்தொகையானவை ஒரே வேளையில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை அன்றே விழுவதில்லை, இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே விழுகின்றன. உங்களுக்கு ஆறாவது வாரத்தில் உதிரத் தொடங்கிய முடி, பெரும்பாலும் நீங்கள் முதற் குளிசையை விழுங்குவதற்கு முன்னரே, ரி.எஸ்.எச். 18 இல் நின்ற நாட்களிலேயே, ஓய்வுக்குப் போன முடி. பழைய கடனுக்குப் புதிதாக வந்தவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

துண்டுப்பிரசுரத்தில் உள்ள வரி பொய்யன்று. தைரொக்சின் தொடங்கிய முதற் சில மாதங்களில், சிறப்பாகப் பிள்ளைகளுக்கு, முடி சிறிது உதிரலாம், அது தற்காலிகமானது. உறங்கிக் கிடந்த முடி வேர்கள் ஹோர்மோன் கிடைத்ததும் விழித்துப் புதிய முடியை வளர்க்கத் தொடங்க, பழைய முடி இடம்விட்டு விழுகிறது என்று இதை விளக்குவார்கள். எதுவாயினும், அதற்காகக் குளிசையை நிறுத்தினால் மூலக் காரணம் அப்படியே இருக்கும்.

உங்கள் மாமிக்கு ஒரு சொல்: இது உடலுக்கு அந்நியமான பொருளன்று. நம் கழுத்திலுள்ள சுரப்பி சுரக்கும் அதே தைரொக்சின்தான் குளிசையிலும் இருக்கிறது. 1914 இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அதைச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார், 1927 இல் ஆய்வுகூடத்திலேயே அதைத் தயாரித்தார்கள். சூடா குளிரா என்ற கணக்கில் பார்த்தாலும், சுரப்பி தர மறந்ததைத்தான் குளிசை ஈடுசெய்கிறது.

இனி உங்கள் பால் தேநீருக்கு வருகிறேன். தைரொக்சின் குடலில் உறிஞ்சப்படுவதில் மிகவும் நொய்ந்த மருந்து. வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் எடுத்து, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை கழித்தே தேநீரோ உணவோ உட்கொள்ள வேண்டும். பாலும் கோப்பியும் அதன் உறிஞ்சலைக் குறைக்கும். இரும்புச்சத்தும் கல்சியமும் அதைப் பற்றிப் பிணைத்துக்கொண்டு குடல் வழியே வெளியே போய்விடும். அவற்றுக்கும் தைரொக்சினுக்கும் இடையில் நான்கு மணித்தியாலங்கள் வேண்டும். நீங்கள் இரும்பையும் பாலையும் தைரொக்சினையும் ஒரே மிடறில் விழுங்கியிருக்கிறீர்கள். ஆகவே 50 மைக்ரோகிராமில் எவ்வளவு இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது. முப்பத்தொரு ஆண்டுகள் மருந்தகச் சாளரத்தின் பின்னால் நின்றவன் என்ற முறையில் எனக்கு இதில் மனக்குறை உண்டு: இரண்டு குளிசைகளையும் உங்கள் கையில் தந்தவர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வரிசையின் நீளம் தெரியும், ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். சோயா மீற் கறியும் இதே வேலையைச் செய்யும். அதை உண்ணக் கூடாது என்பதில்லை, குளிசையை ஒட்டி உண்ணாமல் இருந்தால் போதும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். சுரப்பி முற்றாக ஓய்ந்துபோன வயதுவந்தவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில் தேவைப்படும். 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது 100 ஐ அண்மிக்கும். உங்கள் சுரப்பி இன்னும் ஓரளவு இயங்கக்கூடும் என்பதால் அவ்வளவு தேவைப்படாமல் போகலாம். 50 என்பது பெரும்பாலும் தொடக்கப் படி. தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆவதால், ஓர் அளவு நிலைபெற்றுக் கபச்சுரப்பி அதற்கேற்ப ரி.எஸ்.எச். ஐத் திருத்திக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். அதற்குமுன் சோதிப்பதில் பயனில்லை. அந்த ஏழு நாள் கணக்கின்படியே, ஐந்து நாட்கள் நிறுத்தியதால் பெருங்கேடு எதுவும் நேர்ந்திருக்காது. முன்பிருந்ததில் பாதிக்கு மேல் இன்னும் உடலில் உண்டு. நாளை காலையிலேயே அதே 50 ஐத் தொடங்குங்கள். விட்டுப்போனதற்கு ஈடாக இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருந்தால் ஒரு நாள்கூட நிறுத்தாமல், உடனே டொக்டரிடம் தெரிவியுங்கள்.

கிளினிக்கில், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனையையும் கேட்டுப் பாருங்கள். தைரொயிட் குறைந்தால் மாதவிடாயில் இரத்தப்போக்கு கூடும், இரத்தம் போனால் இரும்பு வற்றும், இரும்பு வற்றினால் முடி உதிரும். இரும்பு வற்றிய நிலையில் தைரொயிட்டை மட்டும் சீராக்கினால் முடி தேறுவது பாதி வழியில் நின்றுவிடும்.

நகர வாசகர் எழுதியது:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பார்மசியில் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை விற்கிறார்கள். என் மனைவி இரண்டு மாதங்கள் எடுத்தார், முடி கொட்டுவது நின்றுவிட்டது.

ஓய்வுபெற்ற மருந்தாளர், தம்பலகாமம் எழுதியது:

தம்பி, உங்கள் மனைவிக்கு நின்றதில் மகிழ்ச்சி. ஆனால் இந்த வகை உதிர்வு பல மாதங்களில் தானாகவே நிற்பது என்பதால், அந்த வேளையில் எதை எடுத்தாலும் பெயர் அதற்கே போகும். தைரொயிட் நோயாளிக்குப் பயோட்டினில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. பல ஆய்வுகூடங்களின் சோதனை முறையே பயோட்டினைப் பயன்படுத்தி அமைந்திருப்பதால், கூடிய அளவில் அதை எடுத்தவரின் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைரொக்சின் பொய்யாகக் கூடியும் காட்டக்கூடும். அந்த முடிவை நம்பி ஒருவர் மருந்தைக் குறைத்தால் நோயாளிதான் அவதிப்படுவார். எடுப்பவர்கள் இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னர் நிறுத்தி, எடுத்ததை டொக்டரிடமும் கூற வேண்டும்.

நிலாவெளி அக்கா எழுதியது:

தங்கச்சி, விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களா? அடியில் வெள்ளையாகக் கடுகளவு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் இடையில் முறிந்திருந்தால் அது வேறு கதை. எங்கள் பக்கத்துக் கடலோரக் கிணறுகளின் உவர் நீரில் முழுகி முழுகி என் முடி நார் போலாகி முறிந்ததை, நெடுநாள் தைரொயிட்டின் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக 75 மைக்ரோகிராம் எடுக்கிறேன். எல்லா முடியும் திரும்பி வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. என் வகிடு அகன்றது அகன்றபடியேதான் இருக்கிறது. தோல் டொக்டர் பார்த்துவிட்டு அது தைரொயிட்டால் வந்ததல்ல, எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது என்றார். அம்மாவின் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன், அதே வகிடு! தலை முழுவதும் ஒரேசீராக மெலிந்தால் பொறுத்திருக்கலாம். நாணயமளவில் வட்டமாக வழுக்கை விழுந்தால், புழுவெட்டு என்று நாம் சொல்வது, அது தைரொயிட்டைத் தாக்கும் அதே எதிர்ப்புச்சக்திக் கோளாறுள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். அதற்குச் சின்ன வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது (பதினொரு வாரங்களின் பின்):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மறுநாளே குளிசையைத் தொடங்கினேன். இப்போது காலை 4.45 இற்கு எழுந்து தண்ணீருடன் தைரொக்சினை எடுத்துவிட்டு மீண்டும் படுத்து, ஆறு மணிக்கே தேநீர் குடிக்கிறேன். இரும்புச்சத்துக் குளிசையைப் பாடசாலை விட்டு வந்தபின், பிற்பகல் மூன்று மணிக்குத் தேசிக்காய்த் தண்ணீருடன் எடுக்கிறேன். கிளினிக்கில் நடந்ததைக் கூறியபோது, சரியான முறையில் எட்டு வாரங்கள் எடுத்தபின் சோதிக்கலாம் என்று நாளைத் தள்ளி வைத்தார்கள். முடிவு சென்ற வாரம் வந்தது: அதே 50 மைக்ரோகிராமில் ரி.எஸ்.எச். 6.1, பெரிட்டின் 11. தைரொக்சினை 75 ஆகக் கூட்டி, இரும்பை இன்னும் மூன்று மாதங்கள் தொடரச் சொன்னார்கள்.

முடி இன்னும் உதிர்கிறது. நேற்று முழுகியபோது எண்ணினேன், 90. அவற்றின் அடியில் நிலாவெளி அக்கா கூறிய வெள்ளைக் குமிழும் இருந்தது. ஆனால் நெற்றியின் ஓரத்தில் எண்ணெய் வைத்தாலும் படியாமல் நிமிர்ந்து நிற்கும் குட்டை முடிகள் தோன்றியிருக்கின்றன; பின்னல் போட்டால் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவை முறிந்தவையா, புதியவையா?

ஓய்வுபெற்ற மருந்தாளர், தம்பலகாமம் எழுதியது:

நுனியைத் தடவிப் பாருங்கள். புதிய முடியின் நுனி ஊசிபோல் மெலிந்து மென்மையாக இருக்கும். முறிந்ததன் நுனி மொட்டையாக இருக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் முடி வளரும் என்பதால், பின்னலுக்குள் அவை அடங்க ஓராண்டுக்கு மேல் ஆகும். 75 தொடங்கிய நாளைக் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் குறித்து, அதிலிருந்து எட்டாவது வாரத்தில் இரத்தம் கொடுங்கள். அன்று காலை மட்டும் இரத்தம் கொடுத்தபின் குளிசையை எடுக்கலாம். எடுத்த சில மணித்தியாலங்களுக்கு இரத்தத்தில் தைரொக்சின் அளவு சற்று உயர்ந்து நிற்கும்.

போத்தல் எங்கே இருக்கிறது? அடுப்பங்கரையிலோ யன்னல் ஓரத்திலோ என்றால் இன்றே மாற்றிவிடுங்கள். வெப்பமும் ஒளியும் ஈரமும் இந்தக் குளிசையின் வீரியத்தைக் கெடுக்கும். கச்சான் வீசும் மாதங்களில் நம் ஊர் வீடுகளில் இம்மூன்றில் இரண்டேனும் எப்போதும் இருக்கும்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

யன்னல் ஓரத்தில்தான் இருந்தது, ஐயா. அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நுனி மெல்லியதாகத்தான் இருக்கிறது.