எறும்பைத் தின்னாத குருவிக்கு எறும்புண்ணி என்று பெயரா?

கரிச்சான்72:
நேற்று இங்கே ஒருவர் அமேசான் காட்டு ஆன்ட்பேர்ட் படத்தைப் போட்டு, "எறும்புண்ணிக் குருவி. எறும்பே உணவு" என்று எழுதியிருக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. பெருங்கூட்டமாகப் போய் வேட்டையாடும் படையெறும்பு கிளம்பினால் கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாம் உயிர் பிழைக்கத் துள்ளும். செடித்தண்டில் காத்திருக்கும் குருவி அவற்றை லபக்கென்று பிடிக்கும். எறும்பைத் தின்னாது ஐயா!

மலைக்காற்று:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். உண்ணிக்கொக்கு மட்டும் உண்ணியைத் தின்றா வயிறு வளர்க்கிறது? மாட்டின் காலடியில் எழும்பும் வெட்டுக்கிளியைத்தானே அதிகம் தின்கிறது? முதலில் அந்தப் பெயரை மாற்றிவிட்டு வாருங்கள்.

கரிச்சான்72:
கொக்கு பேச்சு எதற்கு? எறும்பைத் தின்கிறதா, இல்லையா?

புதுக்குருவி:
அண்ணே, எல்லா ஆன்ட்பேர்டும் எறும்புக்குப் பின்னால் போகுமா?

கரிச்சான்72:
இல்லை தம்பி. 200க்கு மேல் இனங்கள். படையெறும்பையே நம்பிப் பிழைப்பவை கொஞ்சம்தான். பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது ஒரு குன்று பாரோ கொலராடோ தீவானது. பறவை ஆய்வாளர் எட்வின் வில்லிஸ் அங்கே இந்தக் குருவிகளின் பின்னால் வருடக்கணக்கில் அலைந்தவர். படையெறும்பு சில வாரம் தினமும் இடம் மாறும், சில வாரம் ஓரிடத்தில் கிடக்கும். அப்போது பல நாள் வேட்டையே கிடையாது. அதனால் குருவி பல எறும்புக் கூட்டங்களை எட்டிப் பார்த்துவைக்கும், ஒன்றையே நம்பினால் பட்டினி. உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு வகை ஆன்ட்பேர்ட் அந்தத் தீவில் அற்றே போனது. எறும்பு உணவென்றால் ஏன் போனது? தீவில் எறும்புக்கா பஞ்சம்?

மலைக்காற்று:
வகுப்பு முடிந்ததா? சில ஆன்ட்பேர்டுகளின் வயிற்றில் எறும்பும் கிடைத்திருக்கிறது.

கரிச்சான்72:
எந்த எறும்பு? படையெறும்பா? சாம்பாரில் கறிவேப்பிலை கிடந்தால் அதுதான் சோறா?

தமிழ்த்தும்பி:
ஆன்ட்பேர்ட், ஆன்ட்பேர்ட்! எறும்புப் பறவை என்று எழுதினால் விரல் சுளுக்கிவிடுமா?

மலைக்காற்று:
அவரிடம் கேளுங்கள் தும்பி. போன மாதம் உழவாரனை (ஸ்விஃப்ட்) தகைவிலான் (ஸ்வாலோ) என்று அடம்பிடித்தவர் அவர்.

கரிச்சான்72:
அந்தப் படம் மங்கல். கம்பியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

மலைக்காற்று:
உழவாரன் கம்பியில் உட்காராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கரிச்சான்72:
அதனால்தானே தகைவிலான் என்றேன்! சரி, எறும்பைத் தின்கிறதா, இல்லையா?

தமிழ்த்தும்பி:
'எறும்புண்ணிக் குருவி'யில் க் வரும், வராது என்று அடுத்து ஆரம்பிக்காதீர்கள்.

மலைக்காற்று:
பெயரை மாற்ற மாட்டேன்.

கரிச்சான்72:
படத்துக்குக் கீழே தினமும் வந்து எழுதுவேன்: எறும்பைத் தின்னாது.