ரசீது பாப்-அப் என் லேப்டாப்பில் திறக்கிறது, கடையில் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. உதவி தேவை

ஈரோட்டுக்காரன்:
வணக்கம் நண்பர்களே. மாமாவின் ஜவுளிக் கடைக்கு பிஎச்பியில் சின்னதாக ஒரு பில்லிங் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘சேமி’ பட்டனை அழுத்தினால் பில் விவரம் ஃபெட்ச் (பக்கத்தை மாற்றாமலே பின்னணியில் அனுப்பும் கட்டளை) வழியாக சர்வருக்குப் போகும். பதில் வந்ததும் விண்டோ.ஓப்பன் (புது விண்டோ திறக்கும் கட்டளை) போட்டு, 420க்கு 640 அளவில் ரசீதைத் தனி விண்டோவில் திறந்து, அது முன்னால் வர ஃபோகஸ் கொடுக்கிறேன். அங்கிருந்து பிரிண்ட் எடுத்துக் கிழித்துக் கொடுப்பார்கள்.

என் லேப்டாப்பில் ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. கடையில் சில நேரம் திறக்கிறது, சில நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. பில் மட்டும் ஒழுங்காகச் சேமிப்பாகிவிடுகிறது. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில், நல் (‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு) வைத்து ஃபோகஸ் செய்ய முடியாது என்கிற மாதிரி ஒரு சிவப்பு வரி. இரண்டு இடத்திலும் அதே குரோம், அதே கோட்.

இன்னொரு தொல்லை. விண்டோ.ஓப்பனில் லொகேஷன்=நோ, டூல்பார்=நோ எல்லாம் போட்டும் மேலே அட்ரஸ் பார் போக மாட்டேன் என்கிறது. மாமாவுக்கு அது கண்ணை உறுத்துகிறதாம்.

தாவல்எட்டு:
பாப்-அப் பிளாக்கர் வேலைதான் ப்ரோ. அட்ரஸ் பாரின் வலது ஓரத்தில் சின்ன ஐகான் வரும், அதை அமுக்கி இந்தத் தளத்துக்கு எப்போதும் அனுமதி என்று கொடுத்துவிடுங்கள். முடிந்தது.

ஈரோட்டுக்காரன்:
நன்றி ப்ரோ. கல்லாவில் இருக்கும் மெஷினில் அதைச் செய்தேன், சரியாகிவிட்டது. ஆனால் மாடியில் இன்னும் இரண்டு மெஷின், போதாததற்கு மாமா பையனின் போன் வேறு. ஒவ்வொன்றிலும் போய் அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? என் லேப்டாப்பில் எந்த அனுமதியும் கொடுக்காமலே ஓடுகிறதே, அது எப்படி?

செமிகோலன்:
உங்கள் லேப்டாப்பில் சர்வரும் அதே லேப்டாப்தானே? பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். கடையில் நெட் இழுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒருவர் பட்டனை அழுத்தினால், ‘இவர் கேட்டுத்தான் திறக்கிறது’ என்று பிரவுசர் பாப்-அப்பை விட்டுவிடும். ஆனால் அந்த அனுமதிக்கு ஆயுள் குறைவு. குரோமில் ஏறத்தாழ 5 நொடி, சஃபாரி அதைவிடக் கறார். ஃபெட்ச் பதிலுக்குக் காத்திருக்கும்போதே நேரம் போய்விட்டால், அதன்பின் வரும் விண்டோ.ஓப்பனைத் தானாகத் திறக்கும் விளம்பரம் என்று நினைத்து மடக்கிவிடும், நல் திருப்பித் தரும். அந்த நல்லுக்குப் போய் ஃபோகஸ் சொல்கிறீர்கள், சிவப்பு வரி வருகிறது.

சந்தேகம் இருந்தால் சேமிக்கும் பிஎச்பி கோப்பில் ஸ்லீப் போட்டு 8 நொடி தூங்க வைத்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலும் கடை நிலவரம் வந்துவிடும்.

தீர்வு, வரிசையை மாற்றுவது. பட்டனை அழுத்தியவுடன், ஃபெட்சுக்கு முன்னாலேயே காலி விண்டோவைத் திறந்து ஒரு வேரியபிளில் பிடித்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் அதன் லொகேஷனை ரசீது முகவரிக்கு மாற்றுங்கள். சேமிப்பு தோற்றால் குளோஸ் சொல்லி மூடிவிடுங்கள். திறந்தது நம் ஸ்கிரிப்ட் என்பதால் மூடவும் விடும்.

அப்புறம், யாராவது பாதுகாப்புக்கு நோஓப்பனர் (திறந்த பக்கத்துக்கும் புது விண்டோவுக்கும் உள்ள தொடர்பை அறுப்பது) சேர்க்கச் சொன்னால் இங்கே கேட்காதீர்கள். அதைச் சேர்த்தால் விண்டோ திறந்தாலும் உங்கள் கைக்கு நல்தான் வரும், லொகேஷனை மாற்ற வழியிருக்காது. வெளித்தளங்களைத் திறக்கும்போது அது அவசியம், உங்கள் சொந்த ரசீதுப் பக்கத்துக்கு வேண்டாம்.

ஈரோட்டுக்காரன்:
ஸ்லீப் போட்டதும் அப்படியே மாட்டிக்கொண்டது! வரிசையை மாற்றினேன், மூன்று மெஷினிலும் திறக்கிறது. ஆனால் புது வம்பு ஒன்று. இரண்டாவது பில் போடும்போது, பதில் வரும்வரை முந்தைய வாடிக்கையாளரின் ரசீதே நிற்கிறது. கல்லாவில் இருப்பவர் அவசரத்தில் அதையே பிரிண்ட் எடுத்துவிட்டார். முகவரி இடத்தில் வெற்று மேற்கோள், விண்டோ பெயர் ‘ரசீது’ என்று கொடுத்திருக்கிறேன்.

செமிகோலன்:
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு விண்டோ இருந்தால் பிரவுசர் புதிதாகத் திறக்காது, அதையே எடுத்துத் தரும். முகவரி வெற்றாக இருப்பதால் உள்ளே இருப்பதைத் தொடவும் செய்யாது. வெற்றுக்குப் பதில் ‘காத்திருக்கவும்’ என்று மட்டும் எழுதிய சின்னப் பக்கம் ஒன்றின் முகவரியைக் கொடுங்கள். பழைய ரசீது உடனே போய்விடும். பெயரை மாற்ற வேண்டாம், இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் திரை முழுக்க ரசீது விண்டோவாக நிற்கும்.

பழையமோடம்:
அட்ரஸ் பார் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. போகாது தம்பி. பாரை மறைத்து வங்கிப் பக்கம் மாதிரி போலி விண்டோ காட்டி ஏமாற்றியவர்கள் புண்ணியத்தில், பிரவுசர்கள் அந்த உரிமையைப் பிடுங்கி ரொம்ப காலமாகிறது. லொகேஷன், டூல்பார், மெனுபார் எல்லாம் இப்போது தனி விண்டோவா தாவலா என்று தீர்மானிக்க மட்டும்தான் உதவும். ரிசைசபிள்=நோவும் செல்லாக்காசு. அகலமும் உயரமும் 100 பிக்சலுக்குக் கீழே போகாது. போனிலோ அளவையே பார்க்காது, தாவலாகத்தான் திறக்கும்.

பாப்-அப் விளம்பரத்துக்கு 1990களின் கடைசியில் ட்ரைபாட் என்ற இலவச இணையப்பக்கத் தளத்தில் கோட் எழுதிய ஈத்தன் சக்கர்மேன் 2014ல் மன்னிப்பே கேட்டார். 2004ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 வந்தபோது இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கும் பிளாக்கர் வந்துவிட்டது. விளம்பரக்காரர்கள் கொட்டமடித்ததற்கு உன் மாமா ரசீது இன்றும் வரிசையில் நிற்கிறது.

என்னைக் கேட்டால் ஃபெட்சே வேண்டாம். பில் படிவத்தின் டார்கெட்டில் (பதில் எந்த விண்டோவில் வர வேண்டும் என்று சொல்லும் இடம்) ‘ரசீது’ என்று எழுது. ஆன்சப்மிட்டில் (படிவத்தை அனுப்பும்போது ஓடும் கோட்) அந்தப் பெயரிலேயே காத்திருக்கும் பக்கத்தோடு விண்டோவைத் திற. படிவம் நேராக அந்த விண்டோவுக்குள் போய் விழும், சர்வர் ரசீதை அங்கேயே காட்டும். ஒன்றே ஒன்று: சேமித்தவுடன் சர்வர் 303 (‘வேறு முகவரிக்குப் போய்ப் பார்’ என்று சொல்லும் பதில் எண்) கொடுத்து ரசீது முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ரசீது விண்டோவில் எஃப்5 அழுத்தி, பிரவுசர் கேட்பதற்கும் சரி என்று சொல்லிவிட்டால், அதே பில் இரண்டாவது தடவை ஏறிவிடும்.

ஈரோட்டுக்காரன்:
ஐயா, படிவ வழிக்கே மாறிவிட்டேன், கோடும் பாதியாகக் குறைந்தது. 303 போட்டு எஃப்5ஐத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன், கணக்கில் ஒரே பில்தான் இருக்கிறது. அட்ரஸ் பார் விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். சரி, போகட்டும், பிரிண்டில் மேலேயும் கீழேயும் தேதி, முகவரி எல்லாம் விழுகிறதே என்கிறார்.

தாவல்எட்டு:
பிரிண்ட் பெட்டியில் ‘ஹெட்டர்கள், ஃபுட்டர்கள்’ டிக்கை எடுத்துவிடுங்கள் ப்ரோ. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அட்-பேஜ் மார்ஜினை (அச்சுத் தாளின் ஓர இடைவெளி) 0 ஆக்கினாலும் குரோமில் அவை வராது.