ரோஸ்மான்ட் மாநாட்டுக்குப் பிறகு சிகாகோவில் 2 இரவு: லூப்பா, ரிவர் நார்த்தா?

வணக்கம். மாநாடு ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ரோஸ்மான்ட்டில், வியாழன் மதியம் முடிகிறது. சனிக்கிழமை ஓஹேரிலிருந்து விமானம். நடுவில் 2 இரவு, அம்மாவும் கூட இருப்பார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது.

ரோஸ்மான்ட் அறையையே நீட்டிப்பது சரிப்படாது. ப்ளூ லைன் ரயிலில் நகருக்குள் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. மதியம் அம்மா கொஞ்சம் படுத்து எழ வழியில்லை.

லூப்பில் (நகரின் மையப் பகுதி) இறங்குமிடம்தான் முக்கியம். ப்ளூ லைனில் கிளார்க்/லேக், ஜாக்சன் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. இடையிலுள்ள வாஷிங்டன், மன்றோவில் கிடையாது. பெட்டியோடு அங்கே இறங்கினால் படிதான். லூப்பில் தங்கினால் மில்லேனியம் பார்க், ஆர்ட் இன்ஸ்டிடியூட் இரண்டும் பக்கம். (ஆர்ட் இன்ஸ்டிடியூட் செவ்வாய், புதன் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை போவதால் கவலையில்லை.) ஆனால் லேக், வெல்ஸ், வாபாஷ், வான் பியூரன் தெருக்களில் ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. ஜன்னல் அந்தப் பக்கம் என்றால் தூக்கம் கெடும்.

ஆற்றுக்கு வடக்கே உள்ள ரிவர் நார்த்தில் இரவுச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். ஆனால் கிளார்க்/லேக்கில் பிரவுன் லைனுக்கு மாறி மெர்ச்சண்டைஸ் மார்ட்டில் இறங்க வேண்டும்.

அங்கே தங்கியவர்கள் சொல்லுங்கள்: லூப்பில் எத்தனையாவது மாடிக்கு மேல் ரயில் சத்தம் அடங்குகிறது? கிளார்க்/லேக் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா? இரவு 9 மணிக்கு மேல் லூப் பக்கம் சைவ உணவு கிடைக்குமா?