மூலிகை வினிகரில் வெள்ளைப் படலம், சோப்பு ஊத்தினா திரியுது: எங்கே தப்பு?

பச்சைக்குடுவை:

வணக்கம். தோட்டத்துல இருக்கிற புதினா, ரோஸ்மேரி, எலுமிச்சைப்புல் மூணையும் வினிகர்ல ஊறப்போட்டு, வீடு துடைக்கிற திரவம் செய்யப் பார்க்குறேன். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, முக்கால்வாசி வரைக்கும் பறிச்சுக் கழுவின இலை, அதுக்கு மேல 5% வெள்ளை வினிகர், உலோக மூடி. ஜன்னல் ஓரத்துல வெயில் படுற இடத்துல வெச்சிருந்தேன்.

இப்போ மேல வெள்ளையா ஒரு படலம். மிதக்கிற இலையில ரெண்டு மூணு இடத்துல சாம்பல் பச்சைப் புள்ளி. நல்ல பச்சையா இருந்த திரவம் பழுப்பாயிடுச்சு. மூடியோட உள்பக்கம் துரு. பாதியை வடிகட்டி, சம அளவு தண்ணியும் ரெண்டு ஸ்பூன் திரவ சோப்பும் சேர்த்தா, பால் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா ஒதுங்குது. அதை டைல்ஸ் தரையில போட்டுத் துடைச்சதுல பிசுபிசுப்பு போகவே மாட்டேங்குது. ஸ்பிரே பாட்டில் மூக்கும் அடைச்சுக்கிச்சு.

ஹால்ல மார்பிள், மத்த இடமெல்லாம் டைல்ஸ். சமையல் சோடா சேர்த்தா இன்னும் நல்லா வேலை செய்யுமா? இது கிருமியைக் கொல்லுமா?

வாளியும்துணியும்:

முதல்ல மார்பிள் பக்கம் இதைக் கொண்டு போகாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம். மார்பிள்ல பெரும்பாலும் இருக்கிறது கால்சியம் கார்பனேட். வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலம் அதைக் கரைக்கும். பளபளப்பு போய் மங்கலா தெரியுற இடம் கறை இல்லை, கல்லே அரிச்சுப்போன தடம். எதைப் போட்டுத் துடைச்சாலும் போகாது, திரும்ப பாலிஷ் போட்டாத்தான் உண்டு. சுண்ணாம்புக்கல், சிமெண்ட் தரை, டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்ட் பூச்சு, அலுமினியம், வார்ப்பிரும்பு, மெழுகு பூசின மரம் எதுலயும் வினிகர் வேண்டாம். டைல்ஸ் மேல போட்டாலும் ஊறவிடாம துடைச்சு, நல்ல தண்ணியால இன்னொரு தடவை துடைச்சுடுங்க.

மார்பிளுக்கு ஒரு வாளி தண்ணியில அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம் போதும். கூடுதலா ஊத்தினா அதுவே படிஞ்சு அழுக்கைப் பிடிக்கும்.

இலைக்கணக்கு:

படலத்தைப் பற்றி. வினிகரில் இரண்டு வகைப் படலம் வரும். ஒன்று வழவழப்பாக, ஈரமாக, ஒரே தகடாகத் தூக்கி எடுக்க வரும். அது அசிட்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ். கெடுதல் இல்லை, வடிகட்டினால் போதும். இன்னொன்று மேற்பரப்பில் பஞ்சு மாதிரி, உலர்ந்த தோற்றத்தோடு, பச்சை, சாம்பல், கறுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக வரும். அது பூஞ்சை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான். அந்த ஜாடியை முழுதாகக் கொட்டிவிடுங்கள். மேலே இருப்பதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை ஸ்பிரேயில் அடித்தால் வித்துகளைத்தான் காற்றில் தெளிப்பீர்கள்.

ஏன் வந்தது? முக்கியக் காரணம், இலை வினிகருக்கு மேலே தலைநீட்டியது. அமிலம் தொடாத ஈர இலை பூஞ்சைக்கு வசதியான இடம். அடுத்தது தண்ணீர். பச்சைப் புதினாவின் எடையில் சுமார் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 200 கிராம் இலையை 750 மில்லி வினிகரில் போட்டால் 160 மில்லி தண்ணீர் மெல்ல மெல்ல வெளியே வந்து கலக்கும். 5% இருந்த அமிலம் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கழுவிய ஈரம் தனி.

அடுத்த தடவை இலையைக் கழுவி, துணியில் பரப்பி, நிழலில் ஒரு நாள் வாடவிடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. எலுமிச்சைப்புல்லை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, தண்டைக் கத்தியின் பின்புறத்தால் நசுக்கிப் போடுங்கள். வாசம் அதன் உள்ளேதான் இருக்கிறது. ஜாடியில் பாதிக்கு மேல் இலை வேண்டாம். வினிகர் இலைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நிற்க வேண்டும். இலை மேலே எழும்பினால் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை உள்ளே வைத்து அமுக்கிவிடுங்கள். வெயில் படாத அலமாரியில் இரண்டு வாரம். தினம் ஒரு முறை குலுக்கி, இலை எல்லாம் முங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வடிகட்டிவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் இலை கூழாகிக் கலங்கும், வாசமும் அதிகமாகாது. புதினாவைவிட ரோஸ்மேரி நல்ல தேர்வு. இலை கெட்டியானது, கூழாகாது.

பழுப்பு நிறம் கெட்டுப்போன அடையாளம் இல்லை. அமிலத்தில் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் கழன்றுவிடும். உடனே ஆலிவ் பழுப்பாகும். ஆனால் அந்த நிறம் வெள்ளைத் துணியிலும் டைல்ஸ் இடுக்கிலும் ஏறும், ஆகவே மூலையில் ஓரிடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். துரு, அமில ஆவி மூடியை அரித்ததால் வந்தது. பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

நுரைவாசி:

சோப்பு விஷயத்துக்கு வர்றேன். திரிஞ்சதுக்கு மூலிகை காரணம் இல்லை. வெறும் வினிகர்ல ஊத்தியிருந்தாலும் இதேதான் நடக்கும். சோப்புன்னா எண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலத்தோட உப்பு. அதுல வினிகரை விட்டா, உப்பு உடைஞ்சு கொழுப்பு அமிலமா திரும்பிடும். அது தண்ணியில கரையாது, கட்டியா மிதக்கும். உங்க தரையில இப்போ படிஞ்சிருக்கிற பிசுபிசுப்பு அதுதான். அழுக்கை எடுக்கப் போய் கொழுப்பைப் பூசியிருக்கீங்க.

அந்த டைல்ஸுக்கு: நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடா. கையுறை போட்டுக்கிட்டுத் துடைங்க. காரத்துல அந்தக் கொழுப்பு திரும்ப சோப்பாகி வந்துடும். அப்புறம் நல்ல தண்ணியால ரெண்டு தடவை.

நுரையும் வேணும், புளிப்பும் வேணும்னா, பாத்திரம் கழுவுற செயற்கை டிடர்ஜெண்ட் திரவம் வினிகர்ல திரியாது. அரை லிட்டர் நீர்த்த மூலிகை வினிகருக்கு அரை டீஸ்பூன். முழுக்க செடியிலிருந்தே வேணும்னா பூந்திக்கொட்டைதான் வழி. அதுல நுரை தர்ற பொருளான சபோனின் அமிலத்துல சோப்பு மாதிரி திரியாது. கொட்டை நீக்கின தோல் 50 கிராம், தண்ணி ஒரு லிட்டர், ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில சின்னத் தீயில 20 நிமிஷம். பொங்கி வழியும், பெரிய பாத்திரமா எடுங்க. ஆறினதும் பிசைஞ்சு வடிகட்டுங்க. ஒரு வாளிக்கு 100 மில்லி. மார்பிளுக்குன்னா வினிகர் கலக்காம இது மட்டும். இது தண்ணிச்சாறு, வெளியில வெச்சா சீக்கிரம் புளிச்சு நாறும். பிரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும், ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வெச்சா இன்னும் நாளாகும். மூலிகையைத் தண்ணியில கொதிக்க வெச்ச கஷாயம் எல்லாத்துக்கும் இதே விதிதான்.

சமையல் சோடாவை வினிகர்ல கலக்காதீங்க. ஒரு லிட்டர் 5% வினிகர்ல சுமார் 50 கிராம் அமிலம். 70 கிராம் சோடா போட்டா அது மொத்தமும் தீர்ந்துடும். பொங்குறதைப் பார்க்க வேலை நடக்குற மாதிரித் தெரியும், ஆனா கடைசியில மிஞ்சுறது உப்புத் தண்ணி. மூடின பாட்டில்ல கலந்தா வாயு அழுத்தத்துல பாட்டிலே வெடிக்கும். சோடாவைத் தனியா, ஈரத்துணியில தொட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்க வெச்சுக்கோங்க. காய்ஞ்ச ரோஸ்மேரியை நைசா பொடிச்சு ஒரு கப் சோடாவுக்கு ரெண்டு ஸ்பூன் சேர்த்தா வாசமும் வரும்.

பச்சைக்குடுவை:

ரொம்ப நன்றிங்க. அந்த ஜாடியைக் கொட்டிட்டேன். ஸ்பிரே அடைப்பும் கிருமிக் கேள்வியும் பாக்கி இருக்கு. இன்னொண்ணு, வாசம் தூக்கலா இருக்க புதினா எண்ணெய் சில சொட்டு விடலாமா? வீட்ல பூனை இருக்கு.

இலைக்கணக்கு:

பூனை இருக்கும் வீட்டில் செறிவான எண்ணெய் வேண்டாம். புதினா எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் போன்றவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் பட்டது பாதத்தில் ஒட்டும், பாதத்தை அது நக்கும். பூனை இல்லாவிட்டாலும் எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, சில தெளிப்பு வெறும் தண்ணீராகவும் சில தெளிப்பு கெட்டி எண்ணெயாகவும் வரும். இலை ஊறிய வினிகரில் எண்ணெய் மிகச் சொற்பம். அந்த வாசமே போதும். துடைத்தது காயும்வரை பூனையை வேறு அறையில் விடுங்கள்.

வாளியும்துணியும்:

மூக்கு அடைக்கிறது இலைத்துகளாலயும் வழவழப்பாலயும். துணியில வடிகட்டினதை இன்னொரு தடவை காபி வடிகட்டுற தாளில் ஊத்தி, ராத்திரி முழுக்கத் தானா சொட்டவிடுங்க. பிழிஞ்சீங்கன்னா திரும்பக் கலங்கும். அடைச்ச மூக்கைக் கழட்டி வெந்நீர்ல போட்டு, வெந்நீரையே பத்துப் பதினஞ்சு தடவை அடிச்சு விடுங்க. உள்ளே போற குழாயோட நுனியையும் பாருங்க, பெரும்பாலும் குப்பை அங்கேதான் நிக்கும்.

கண்ணாடிக்கு மூலிகை வினிகர் வேண்டாம். செடிச்சாறு காய்ஞ்சு கோடு விழும். 250 மில்லி தண்ணி, 250 மில்லி 70% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், ஒரு டேபிள்ஸ்பூன் வெறும் வினிகர். தீ பக்கத்துல வைக்காதீங்க.

கிருமி: இதை நம்பாதீங்க. அழுக்கை எடுக்குறது வேற, கிருமியைக் கொல்றது வேற. வீட்ல யாருக்காவது வாந்தி பேதின்னா முதல்ல சோப்புத் தண்ணி, அலசினதுக்கு அப்புறம் பிளீச்சிங் திரவம். 5% திரவம்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 20 மில்லி, அன்னிக்குக் கலந்ததை அன்னிக்கே தீர்க்கணும். மார்பிளுக்கு இது வேண்டாம். பிளீச் போடுற இடத்துல வினிகர் துளிகூட இருக்கக்கூடாது. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூடின குளியலறையில உயிருக்கே ஆபத்து. பிளீச் இருந்த காலி பாட்டில்ல வினிகரை ஊத்தவே ஊத்தாதீங்க. பாட்டில் மேல உள்ளே என்ன, எந்தத் தேதின்னு எழுதி ஒட்டுங்க.

பச்சைக்குடுவை:

அப்போ புதுசா ஊறப்போடுற மூலிகை வினிகரை எங்கேதான் தைரியமா பயன்படுத்தலாம்?

நுரைவாசி:

உப்புக்கறை இருக்கிற இடம் எல்லாம். ஸ்டீல் குழாய், குளியலறைக் கண்ணாடித் தடுப்பு, பீங்கான் கழிப்பறை. தண்ணி விட்டுப்போற வெள்ளைத் தடம் கால்சியம் கார்பனேட், உங்க மார்பிளை அரிக்கிற அதே அமிலம் இங்கே நமக்கு உதவி. வடிகட்டின வினிகரை நீர்க்காம துணியில நனைச்சு குழாயைச் சுத்திக் கட்டி அரைமணி நேரம். அப்புறம் பழைய பிரஷ்ல தேய்ச்சு, கழுவி, உடனே துடைச்சுடுங்க. கண்ணாடித் தடுப்புல கடைசியா நல்ல தண்ணியை ஊத்திடுங்க, இல்லைன்னா மேல சொன்ன கோடு விழும். முலாம் பூசின குழாயா இருந்தா அஞ்சு நிமிஷத்துக்கு மேல விடாதீங்க.