ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

சாக்பீஸ்:
"மைட்டோகாண்ட்ரியா இருந்தால் ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி, கணக்கு முடிந்தது" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எரிச்சல் அடங்கவில்லை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்புதான் மைட்டோகாண்ட்ரியா; ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுதாக எரித்தால் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறுகள் எத்தனை கிடைக்கும் என்பதுதான் கேள்வி. 38 பழைய கணக்கு. இன்று 30 அல்லது 32தான்.

ஆத்தங்கரை:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். குளுக்கோஸ் உடையும்போது எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் 10 என்ஏடிஹெச், தலைக்கு 3 ஏடிபி, ஆக 30. அதே வேலை செய்யும் 2 எஃப்ஏடிஹெச்2, தலைக்கு 2, ஆக 4. நேரடியாகக் கிடைப்பது 4. கூட்டிப் பாருங்கள், 38. இருபது வருடமாகச் சொல்லித் தருகிறேன், என்னிடம் படித்தவர்கள் இன்று டாக்டர்கள்.

சாக்பீஸ்:
அந்த "தலைக்கு 3" தான் தப்பு. ஒரு என்ஏடிஹெச் கொடுக்கும் எலக்ட்ரான்கள் ஓடும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வைத் தாண்டி 10 புரோட்டான் வெளியே தள்ளப்படும், அவை திரும்பி வரும்போதுதான் ஏடிபியைச் செய்யும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி சுழலும். ஒரு ஏடிபி செய்து வெளியே அனுப்பும் செலவையும் சேர்த்தால் 4 புரோட்டான். பத்தை நாலால் வகுத்தால் 3 எப்படி சார் வரும்? இரண்டரைதான்.

வேப்பமரம்:
சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, அதற்கு 2 ஏடிபிதான். அதை ஏன் யாரும் பேசவில்லை?

சாக்பீஸ்:
யார் கேட்டார்கள்? போன மாதமும் இப்படித்தான் நடுவில் புகுந்து பேச்சை மாற்றினீர்கள், மறக்கவில்லை.

தமிழ்மாறன்:
மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்று எழுதக் கை வராதா? 1898ல் ஜெர்மன் விஞ்ஞானி பெண்டா கிரேக்கத்தில் வைத்த பெயருக்கும் இழை, மணி என்பதுதானே பொருள்.

ஆத்தங்கரை:
எந்தப் பெயரில் எழுதினாலும் 38தான்.

சாக்பீஸ்:
போன வருடம் என் மாணவி 32 என்று எழுதினாள். சிவப்பு மையில் அதை அடித்து, பக்கத்தில் 38 என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். உங்களைப் போன்றவர்கள் திருத்தினால் அப்படித்தான். புரோட்டான் எல்லாம் ஏடிபிக்கே போகிறது என்றும் நினைக்காதீர்கள், பச்சைக் குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் அது வேறொரு புரதம் வழியாக உள்ளே வந்து வெப்பமாகிறது, குழந்தை உடம்பு சூடாக இருக்க அதுவும் வேண்டும்.

ஆத்தங்கரை:
சரி, 30ஆ 32ஆ? முதலில் நீங்கள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
கல்லீரலிலும் இதயத்திலும் 32, எலும்புத் தசையில் 30. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே இருக்கும் செல் திரவமான சைட்டோசோலில் உண்டாகும் 2 என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான்கள் உள்ளே போகும் வழி இடத்துக்கு இடம் வேறு, அதனால்தான் இந்த வித்தியாசம். உங்கள் பழைய புத்தகத்திலேயே 36 அல்லது 38 என்றுதான் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஆத்தங்கரை:
பார்த்தேன். 38 இருக்கிறது.

வேப்பமரம்:
சிவப்பணுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.