பழைய கால் மிஷினில் தையல் பழகுவது: அடியில் நூல் கொத்தாகுது, முதலில் எதைத் தைக்கலாம்?

கவி_திருப்பாப்புலியூர்

வணக்கம். வீட்டில் ஒரு பழைய கறுப்பு கால் மிஷின் ரொம்ப நாளா சும்மா கிடக்கு. எனக்கு வேண்டிய துணியை நானே தைச்சுக்கணும்னு ஆசை, தையல் தெரியாது. மேல் பக்கம் தையல் பார்க்க நல்லா இருக்கு, துணியைத் திருப்பினா அடியில் நூல் கொத்துக்கொத்தா நிக்குது. மிதிக்கும்போது சக்கரம் திடீர்னு பின்பக்கமா சுத்தி நூல் அறுந்துடுது. மிஷின்ல கோளாறா, இல்ல நான் செய்யறது தப்பா? மோட்டார் மாட்டினா சுலபமா இருக்குமா? முதல்ல ஜாக்கெட்டே தைச்சுப் பார்க்கலாம்னு 2x2 ரூபியா துணி ஒரு மீட்டர் எடுத்து வெச்சிருக்கேன்.

நூல்கண்டு_பாண்டி

அந்த ரூபியாவை மடிச்சு பீரோல வைங்க, அதுக்கு நேரம் வரும். முதல்ல மிஷின்.

அடியில் கொத்து நின்னா எல்லாரும் கீழ் நூல் சுத்தின பாபினைத்தான் சந்தேகப்படுவாங்க. பெரும்பாலும் காரணம் மேல் நூல். அது, நூலை அழுத்திப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவில் உட்காராம வெளியே தொங்கினா, கீழ் நூல் அதை இழுத்துக்கிட்டே போகும். துணியை அழுத்துற காலைத் தூக்கி வெச்சுட்டு நூல் கோருங்க, அப்பதான் தட்டு இளகி நூலை உள்ளே விடும். கோர்த்த பிறகு காலை இறக்கி நூலை இழுத்துப் பாருங்க. பிடிச்சு இழுக்குற மாதிரி இருந்தா சரி, வழுக்கிட்டு வந்தா மறுபடி கோருங்க. காலை இறக்க மறந்துட்டுத் தைச்சாலும் இதே கொத்துதான் வரும். தையல் தொடங்கும்போது மேல் நூல், கீழ் நூல் ரெண்டு நுனியையும் பின்பக்கமா இழுத்து மூணு நாலு தையல் வரை பிடிச்சிருங்க. இதைச் செய்யாதவங்களுக்கு ஆரம்பத்தில் ஒரு முடிச்சு நிச்சயம்.

பாபின் கேஸை நூலைப் பிடிச்சுத் தொங்க விடுங்க. அசையாம நின்னு, லேசா உதறினா ஒரு அங்குலம் இறங்கினா சரியான இறுக்கம். தானா சரசரன்னு இறங்கினா அந்தச் சின்ன திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவா இறுக்குங்க. இதைப் பார்க்காம மேல் டென்ஷனையே திருகிக்கிட்டு இருக்கிறவங்கதான் அதிகம்.

ஊசி புதுசா மாத்துங்க. காட்டனுக்கு 14 அல்லது 16 நம்பர் போதும். ஊசியில் ஒரு பக்கம் நீளமா பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கமிருந்து நுழையுதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்கணும், தட்டைப் பக்கம் அதுக்கு எதிரே. மேல முட்டுற வரை ஏத்தி இறுக்கணும். கொஞ்சம் இறங்கி நின்னாலே தையல் விட்டு விட்டு விழும்.

சும்மா கிடந்த மிஷின்ல பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகியிருக்கும். எண்ணெய் துளைகளில் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாம கொஞ்ச நேரம் ஓட்டி, வர்ற அழுக்கைத் துடைங்க. அப்புறம் துளைக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், திரும்பவும் பிசினாகும். ஊசித் தட்டைக் கழட்டி, துணியை நகர்த்துற பல்லுக்கு இடையில் அடைஞ்சிருக்கிற பஞ்சையும் பிரஷ்ஷால் எடுங்க. நம்ம கடற்கரைப் பக்கம் உப்புக் காத்துக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் ஒரு துணியால் துடைச்சு மூடி வைங்க.

பின்பக்கம் சுத்துறது காலோட பழக்கம். கைச் சக்கரத்தை உங்க பக்கமா கையால் தள்ளிவிட்டு, அது நகர்ந்த பிறகுதான் மிதிக்கணும். நிறுத்துறதும் சக்கரத்தில் கை வெச்சுத்தான். நூல் இல்லாம கோடு போட்ட நோட்டுத் தாளில் பழகுங்க: நேர்க்கோடு, அப்புறம் சதுரம், அப்புறம் வளைவு. சதுரத்தின் மூலையில் ஊசி உள்ளே இறங்கியிருக்கும்போது மிஷினோட அழுத்துற காலைத் தூக்கித் தாளைத் திருப்பணும். தாள் ஊசியை மழுக்கிடும், அதனால அதுக்குப் பழைய ஊசி. மோட்டார் இப்ப வேண்டாம். கால் நிதானப்படாதவங்க மோட்டார் போட்டா துணி கையை மீறி ஓடும்.

வில்லியனூர்_தையல்

மிஷின் பற்றி மேலே சொன்னது சரி. ஜாக்கெட் பற்றி என் கருத்து இன்னும் கண்டிப்பானது: முதல் மூணு உடுப்பில் ஜாக்கெட் இருக்கவே கூடாது. டாட் (உடம்பு வளைவுக்கு மடிச்சுப் பிடிக்கிற தையல்), பட்டி, கை ஏத்துறது, ஊக்கு எல்லாம் ஒரே துணியில் வருது, கால் அங்குலம் தப்பினாலும் போட முடியாது. தலையணை உறை, உள்பாவாடை, நைட்டி, சுடிதார் டாப்ஸ், அதுக்கப்புறம் ஜாக்கெட். இதில் உள்பாவாடைதான் நல்ல பள்ளிக்கூடம். நீளமான நேர்த் தையல், சாய்வுத் தையல், பட்டி, ஓரம் மடிப்பு நாலும் அதில் இருக்கு. கோணலா வந்தாலும் புடவைக்குள்ளே மறைஞ்சிடும்.

காட்டன் பாப்ளின் எடுங்க. ரேயான், ஜார்ஜெட் கையில் வழுக்கும், அதைத் தொடாதீங்க. லாரன்ஸ் ரோட்டில் கேட்டாலும் நேரு வீதியில் கேட்டாலும் பாவாடைத் துணி கிடைக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி தண்ணியில் ஊறப் போட்டு, பிழியாம நிழலில் காயவெச்சு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்க. காட்டன் மீட்டருக்கு ஒரு அங்குலத்துக்கு மேலகூட சுருங்கும். தைச்ச பிறகு அது சுருங்கினா என்ன செய்ய முடியும்?

கவி_திருப்பாப்புலியூர்

நூலைத் திரும்பக் கோர்த்ததும் கொத்து நின்னுடுச்சு, நன்றி அக்கா. பாவாடைக்கு எவ்வளவு துணி, எப்படி வெட்டணும்? இடுப்புக்குக் கீழே சுற்றளவு 39, உயரம் 38 அங்குலம்.

வில்லியனூர்_தையல்

36 அங்குல அகலத் துணி இரண்டே கால் மீட்டர். ஊறவெச்ச பிறகு 85, 86 அங்குலம் நிற்கும், போதும். அதில் முதல்ல 75 அங்குலம் வெட்டித் தனியா எடுத்து, நீளவாக்கில் பாதியா மடிங்க. 36 அகலம், 37½ உயரத்தில் ரெண்டு அடுக்கு வரும். மேல் ஓரத்தில் இடமிருந்து 8, 20, 8 அங்குலம் குறிங்க. கீழ் ஓரத்தில் 14, 8, 14. மேல் குறியையும் கீழ் குறியையும் ஸ்கேல் வெச்சு சாய்கோடா சேர்த்தா ரெண்டே கோடு. ரெண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டி, மடிப்பையும் வெட்டிப் பிரிச்சா ஆறு பீஸ். நடு பீஸைத் தலைகீழாத் திருப்பினா எல்லாத்துக்கும் மேல் அகலம் 8 அங்குலம். பக்கத்துக்கு அரை அங்குலம் தையலுக்குப் போக இடுப்பில் 42 நிக்கும், உங்க 39க்கு மூணு அங்குலம் தாராளம். கீழ்ச்சுற்று 90 அங்குலம் வரும், நடக்கத் தடுக்காது.

நடு பீஸ் ரெண்டும் முன்னும் பின்னும். பக்க பீஸ்களோட கரை இருக்கிற நேர் ஓரத்தை நடு பீஸோட சாய்வு ஓரத்தோட சேருங்க. சாய்வா வெட்டின ஓரம் இழுத்தா நீளும், நேர் ஓரம் அதைப் பிடிச்சு நிறுத்தும். தைக்கும்போது சாய்வுத் துணி அடியில் இருக்கட்டும். மிஷின் பல் அடித்துணியைத்தான் இழுக்குது, மேல் துணி கொஞ்சம் தள்ளிப் போகும். ஒரே நீளத்தில் வெட்டின ரெண்டு துணி கடைசியில் ஏறுக்குமாறா நிக்கிறதுக்கு இதுதான் காரணம். கையால் முன்னாலிருந்து இழுக்காதீங்க, ஊசி வளையும். இடுப்பில் தொடங்கிக் கீழே வாங்க, மிச்சம் கீழ் ஓரத்தில் வரும், வெட்டிக்கலாம். தையல் ஒரு அங்குலத்துக்கு 10 விழட்டும், ஆரம்பத்திலும் முடிவிலும் அரை அங்குலம் திருப்பித் தைச்சுப் பூட்டுங்க.

கடைசிப் பக்கத் தையலில் மேலே 5 அங்குலம் திறப்பு விட்டு அதன் ஓரத்தை மடிச்சுத் தைங்க. மிச்சத் துணியில் 5 அங்குல அகலத்தில் 22 அங்குலப் பட்டி ரெண்டு வெட்டி ஒட்டினா நாடா பட்டி. மடிச்சுத் தைச்சா 2 அங்குலம் நிக்கும். கீழ் ஓரம் மட்டும் அன்னிக்கே மடிக்காதீங்க. ஒரு ராத்திரி கொக்கியில் தொங்க விடுங்க. சாய்வுப் பக்கம் தானா இறங்கும், மறுநாள் சமமா வெட்டி, ஒரு அங்குலம் மடிச்சு அடிங்க.

மஞ்சக்குப்பம்_டெய்லர்

பாவாடை, நைட்டி தாண்டி டாப்ஸ் தொடும்போது ரெண்டு விஷயம். உடம்பில் அளவெடுத்துப் பழகுறதுக்கு முன்னாடி, உங்களுக்குச் சரியா இருக்கிற ஒரு டாப்ஸைத் தரையில் விரிச்சு அதில் அளவெடுங்க. உடம்பில்தான் எடுப்பேன்னா டேப்புக்குள்ளே ஒரு விரல் போகணும். மார்பு 36ன்னா லூசுக்கு 4 சேர்த்து 40, நாலில் ஒரு பங்கு 10, தையலுக்கும் பின்னாடி பிரிக்கறதுக்கும் 1, ஆக நாலா மடிச்ச துணியில் 11. அந்த ஒரு அங்குலத்தைக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

அடுத்தது கழுத்து. புதுசா தைக்கிறவங்க வெட்டுற கழுத்து எப்பவும் பெரிசாயிடும். வெட்டின கோட்டிலிருந்து கால் அங்குலம் உள்ளே தையல் ஓடி மடிஞ்சா ரெண்டு பக்கமும் சேர்த்து அரை அங்குலம் அகலம் கூடும். வளைவு கையில் இழுபட்டா இன்னும் விரியும். அதனால குறைச்சு வெட்டி, தோளை இணைச்சு, தலை வழியா போட்டுப் பார்த்துட்டு வேணும்னா இறக்குங்க. கழுத்துக்கு வைக்கிற கிராஸ் பீஸ் துணியின் குறுக்கே 45 டிகிரியில், ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டணும். நேரா வெட்டினா வளைவில் சுருக்கம் விழும். தைச்ச பிறகு வளைவில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு, தையலைத் தொடாம.

துணி வெட்டுற கத்தரியில் தாள் வெட்டக் கூடாது, வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைங்க. ரூபியாவில் கை வைக்கிறதுக்கு முன்னாடி பழைய வேட்டியிலோ, பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவா கிடைக்கிற துணியிலோ ஒரு ஜாக்கெட்டை முழுசா வெட்டித் தைச்சுப் பாருங்க. அந்த ஜாக்கெட்டைப் பிரிச்சா, அதே பீஸ்தான் ரூபியாவுக்கு அளவு.