மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்தால் வேலை கூடுமா, குறையுமா? (அமெரிக்க ஆய்வுகள் பற்றி ஒரு சந்தேகம்)

சமூகப்பணி_மாணவி:
வணக்கம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜீன் ஹாலும் அவருடைய குழுவினரும் 2017இல் எழுதிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மெடிகெய்டை (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கூடுதல் பேருக்கு விரிவாக்கிய மாநிலங்களில் மாற்றுத்திறனாளிகளில் 38 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள், விரிவாக்காத மாநிலங்களில் 31.9 சதவீதம் என்கிறார்கள். ஆனால் மேஸ்டஸ், மல்லன், ஸ்ட்ராண்ட் மூவரும் 2013இல் எழுதிய கட்டுரை, எஸ்எஸ்டிஐ (முன்பு வேலை செய்து வரி கட்டியவர்களுக்கான ஊன உதவித்தொகை) கிடைத்தவர்கள் வேலை செய்வது குறைகிறது என்கிறது. அந்த உதவித்தொகையோடு மெடிகேர் (முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசுக் காப்பீடு) காப்பீடும் வருகிறதே. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

கொள்கைவாசகன்:
ஒத்துப்போகும். காப்பீடு எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதைப் பாருங்கள்.

விரிவாக்கத்துக்கு முன், பல மாநிலங்களில் பிள்ளைகள் இல்லாத ஓர் ஏழைக்கு மெடிகெய்ட் கிடைக்க இருந்த முக்கிய வழி, ‘என்னால் வேலை செய்ய முடியாது’ என்று நிரூபித்து எஸ்எஸ்ஐ (ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை) வாங்குவது. எஸ்எஸ்ஐ வாங்குபவர் கையில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. 1989இலிருந்து அந்த வரம்பு நகரவே இல்லை. விரிவாக்கம் வந்த பிறகு, வருமானம் வறுமைக்கோட்டில் 138 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்றானது. ஊனச் சான்று வேண்டாம், சேமிப்புக் கணக்கும் கேட்க மாட்டார்கள். பகுதிநேர வேலைக்குப் போனாலும் மருந்து நிற்காது. ஹால் அளந்தது இந்த விடுதலையைத்தான்.

பணத்தை மட்டும் பார்த்தால், எஸ்எஸ்ஐயில் வேலை செய்பவருக்கு நஷ்டம் இல்லை. 2025இல் தனிநபருக்கு மாதம் 967 டாலர். அவர் 1,085 டாலர் சம்பாதித்தால் முதல் 20, அடுத்த 65 இரண்டையும் கழித்துவிடுவார்கள். மீதி 1,000. அதில் பாதி, அதாவது 500, உதவித்தொகையில் குறையும். கிடைப்பது 467. சம்பளத்தோடு சேர்த்தால் 1,552. இருந்தும் பலர் வேலைக்குத் தயங்குகிறார்கள் என்றால், மெடிகெய்ட் போய்விடுமோ என்ற பயத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. வேலைக்குப் போனாலும் மெடிகெய்டைத் தொடர 1619(பி) என்ற சட்டப்பிரிவு இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

எண்ணும்_எழுத்தும்:
மேஸ்டஸ் கட்டுரையைப் பற்றி. எஸ்எஸ்டிஐ விண்ணப்பம் எந்தப் பரிசீலகர் மேசைக்குப் போகும் என்பது ஏறக்குறைய குலுக்கல் மாதிரி. சிலர் தாராளமாக அனுமதிப்பார்கள், சிலர் கறாராக மறுப்பார்கள். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய முடிவு எல்லா விண்ணப்பதாரருக்கும் பொருந்தாது. இந்தப் பரிசீலகரிடம் போனால் கிடைக்கும், அவரிடம் போனால் கிடைக்காது என்ற விளிம்பில் நிற்கும் 23 சதவீதத்தினருக்கு மட்டும்தான் பொருந்தும். உதவித்தொகை கிடைக்காமல் போயிருந்தால் இரண்டு ஆண்டு கழித்து அவர்களிடையே வேலைவாய்ப்பு 28 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்திருக்கும் என்பது கணக்கு. இதற்குள்ளும் கடுமையான பாதிப்பு உள்ளவர்களிடம் விளைவு ஏதும் இல்லை, லேசான பாதிப்பு உள்ளவர்களிடம் 50 புள்ளி வரை போகிறது. ஆய்வேட்டில் 28ஐ மட்டும் எடுத்துப்போட்டால் பெரிய தவறாகிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று: எஸ்எஸ்டிஐக்கு ஐந்து முழு மாதம் காத்திருப்பு, பிறகு மெடிகேருக்கு 24 மாதம். ஆக மொத்தம் 29 மாதம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது மாதம் 1,620 டாலருக்கு மேல் (2025, பார்வையற்றோருக்கு 2,700) சம்பாதித்தால் ‘வேலை செய்ய முடிகிறதே’ என்று விண்ணப்பமே விழுந்துவிடும். அதாவது, உதவித்தொகை கைக்கு வரும் முன்பே அந்த நடைமுறை ஆளை வேலையிலிருந்து பிரித்துவிடுகிறது.

ஹால் கட்டுரையிலும் கவனம் தேவை. அது இணையவழிக் கருத்தாய்வு. ஊனம் உண்டா என்பது பதில் சொல்பவரின் சொந்த வாக்குமூலம். ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் தொடரவில்லை. விரிவாக்கத்துக்கு முன் இரு வகை மாநிலங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதுதான் அதன் பலம்.

கொள்கைவாசகன்:
சரியாகச் சொன்னீர்கள். மெடிகெய்ட் பை-இன் பற்றி ஹால் எழுதியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலை செய்யும் மாற்றுத்திறனாளி சிறு மாதக் கட்டணம் கட்டி மெடிகெய்டில் நீடிக்கலாம். 1997, 1999 சட்டங்கள் வழி திறந்தன, கன்சாஸில் அதற்கு ‘வொர்க்கிங் ஹெல்தி’ என்று பெயர்.

எஸ்எஸ்டிஐக்காரர்களுக்கும் சலுகை உண்டு. 60 மாதத்துக்குள் 9 மாதம் எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை நிற்காது, அதன்பின் மெடிகேர் குறைந்தது 93 மாதம் தொடரும். நடைமுறையில் சிக்குவது கணக்கில்தான். பிடித்தம் போகக் கைக்கு வந்த தொகையைச் சொல்லிவிடுகிறார்கள், அலுவலகம் பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய முழுச் சம்பளத்தை. எஸ்எஸ்டிஐ உழைத்த மாதத்தில் வரவு வைக்கும், எஸ்எஸ்ஐ சம்பளம் கைக்கு வந்த மாதத்தில். இரண்டும் வாங்குபவர் குழம்பினால், ஒரு வருடம் கழித்து ‘கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டு’ என்று கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்குப் பயந்தே வேலையை விடுபவர்கள் உண்டு.

சமூகப்பணி_மாணவி:
மிக்க நன்றி. இதே சட்டகத்தைத் தமிழ்நாட்டுக்கு வைக்கலாமா?

எண்ணும்_எழுத்தும்:
அப்படியே வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற வேலையில்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அதனால் அமெரிக்கப் பூட்டு இங்கே இல்லை. இங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அதில் ஒருவர் சம்பளம் கூடினால் மொத்தக் குடும்பமும் வெளியே போகலாம். மறுபக்கம் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு. மாதச் சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. அங்கே வேலைதான் காப்பீட்டைக் கொண்டுவருகிறது. ஆனால் முறைசாரா வேலையில் இருப்பவருக்கு அது எட்டாது. கேள்வியை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். சோஃபி மித்ரா, உஷா சாம்பமூர்த்தி இருவரும் தேசிய மாதிரி ஆய்வுத் தரவை வைத்து 2006இல் எழுதியதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மாற்றுத்திறனாளிக்கு வேலை அமைவதைப் படிப்பைவிடத் தனிநபர், குடும்பச் சூழல்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்டது.